மகனுக்கு ஆட்டிசம் என்று அரசாங்கத்தில் பதிந்தால் அந்தத் தகவல் எங்கெல்லாம் போகும்?

கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு ஐந்து வயது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் பார்த்து ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கே ஆஸ்பத்திரியில் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். இதற்கிடையே அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார் போன் செய்து, “இங்க ஆட்டிசம் உள்ளவங்களை எல்லாம் கவர்மென்ட் லிஸ்ட் எடுக்குது அண்ணி, எதுலயும் பேர் குடுக்காதீங்க” என்று சொல்லியிருக்கிறார். பதியலாமா, வேண்டாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்த பிறகு எனக்குக் கேட்டது வேறு: இந்தச் சொல் அவன் பேரில் ஒருமுறை ஏறிவிட்டால் நான் நினைத்தாலும் இறக்க முடியுமா, அதை யார் யார் பார்ப்பார்கள்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பதியலாமா என்பதற்கான விடை போகிற போக்கில் வந்துவிடும்.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் இருபத்திரண்டு வருடமாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். பாதி நேரம் சொல்லிக் கொடுப்பது, மீதி நேரம் அம்மாக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. வக்கீல் இல்லை, கணினி ஆளும் இல்லை. அதனால் சட்டத்தைப் பற்றி நான் சொல்வதைப் படித்துத் தெரிந்துகொண்டதாகவும், படிவங்களைப் பற்றி நான் சொல்வதைப் பட்டுத் தெரிந்துகொண்டதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொழுந்தனார் சொன்னது. அது புரளி இல்லை, ஆனால் முழுக்கச் சரியும் இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர் ஜெய் பட்டாச்சார்யா, ஆட்டிசம் ஆராய்ச்சிக்காக மருந்துக்கடை விவரம், காப்பீட்டு விவரம், கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் விவரம் வரைக்கும் ஒரே இடத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். கூடவே ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு பதிவேடும் வரும் என்று செய்தி வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் கென்னடி ஜூனியர், இந்தக் குழந்தைகளில் பலர் வரி கட்டமாட்டார்கள், வேலைக்குப் போகமாட்டார்கள் என்று பேசியிருந்தார். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்? எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள்ளேயே, பதிவேடு இல்லை, ஆய்வுக்கான தரவுத் தளம்தான் என்று துறை சொன்னது. மே மாதம் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களின் விவரங்களை ஆட்டிசம் ஆய்வுக்கு இணைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே மே மாதம் இல்லினாய் மாநில ஆளுநர், ஆட்டிசம் சம்பந்தப்பட்ட தனிப்பட்ட விவரங்களைத் தேவையில்லாமல் சேகரிக்கக் கூடாது என்று தன் மாநிலத்துக்கு ஆணை போட்டார். இதில் வேடிக்கை, சில மாநிலங்களில் ஏற்கெனவே பதிவேடு இருந்தது. நியூ ஜெர்சியில் டாக்டர்களே பதிய வேண்டும் என்று சட்டம். ஆனால் பெற்றோர் விரும்பினால் குழந்தையின் பேரைச் சேர்க்காமல் பதியலாம். அந்த ஒரு வரியால்தான் அந்தப் பதிவேட்டைப் பற்றிப் பெரிய பயம் இல்லாமல் இருந்தது என்று நினைக்கிறேன்.

அங்குள்ளவர்கள் ஏன் இவ்வளவு பதறினார்கள் என்று இங்கே பலருக்குப் புரிவதில்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1939 ஆகஸ்ட்டில் நாஜி ஜெர்மனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளை டாக்டர்களும் மருத்துவச்சிகளும் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். படிவத்தைப் பார்த்தவர்கள் குழந்தையைப் பார்க்கவே இல்லை. காகிதத்திலேயே முடிவு எழுதினார்கள். வியன்னாவில் ஷ்பீகல்கிரண்ட் என்ற ஒரே இடத்தில் மட்டும் 789 குழந்தைகள் இறந்தார்கள். ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு ‘ஆஸ்பெர்கர்’ என்று ஒரு டாக்டரின் பேரை வைத்திருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த டாக்டரே சில குழந்தைகளை அங்கே அனுப்பிவைத்தார் என்று 2018-இல் வெளியான வரலாற்று ஆய்வு காட்டியது. முதலில் வந்தது ஒரு படிவம்தான் என்பதை இந்தக் கதை தெரிந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதே மூச்சில் டென்மார்க்கையும் சொல்லவேண்டும். அங்கே பிறக்கும் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு, ஆஸ்பத்திரி நோய்க்கணிப்பு எல்லாம் தேசியப் பதிவேட்டில் ஏறும். அதை வைத்து 6,57,461 குழந்தைகளின் விவரத்தைப் பார்த்து, தட்டம்மை தடுப்பூசியால் ஆட்டிசம் வரவில்லை என்று 2019-இல் சொன்னார்கள். உங்கள் மாமியார் ‘ஊசி போட்டதால்தான்’ என்று சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பழியிலிருந்து உங்களைக் காப்பாற்றியது ஒரு பதிவேடுதான். ஆய்வாளர்களுக்கு அதில் யார் பேரும் தேவைப்படவில்லை. ஆகவே பதிவேடு என்றாலே பாம்பு என்று ஓடவும் வேண்டாம், கயிறு என்று கையை விடவும் வேண்டாம்.

இனி நம் பக்கம். இந்தியாவில் ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கும் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. காசநோய்க்கு 2012 முதல் அப்படி உண்டு, ஆட்டிசத்துக்கு இல்லை. கோயம்புத்தூர் டாக்டர் எழுதியது அவர் கோப்பிலும் உங்கள் பையிலும்தான் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பித்தால்தான் அரசின் கணக்கில் ஏறும். அமெரிக்காவில் அரசு தானாகத் தேடி எடுக்கிறது என்பது பயம். இங்கே நாம் கதவைத் தட்டி உள்ளே போகிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. நான் வேலைக்கு வந்த காலத்தில் எங்கள் கவலையே தலைகீழ். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான். அதில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்தப் பேர் இருந்தது, ஆனால் சலுகைக்குச் சான்று வாங்கப் போனால் மனவளர்ச்சிக் குறைவு என்று எழுதித்தான் கொடுப்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோதுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சரியான பேர் கிடைத்தது. அந்தப் பேருக்காக வருடக்கணக்கில் மனு எழுதிய அம்மாக்களை எனக்குத் தெரியும். அதனால் ‘பதிவேடே வேண்டாம்’ என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கணக்கில் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, பஞ்சாயத்தில் பணம் இல்லை.

யூடிஐடியில் என்ன ஏறுகிறது? பேர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ, ஆதார், ஊனத்தின் வகை, சதவீதம். ஆட்டிசத்துக்கு ஐசா என்ற இந்திய மதிப்பீட்டு அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். நாற்பது கேள்வி, எழுபது மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அட்டையின் முகத்திலேயே ஊனத்தின் வகையும் சதவீதமும் அச்சாகியிருக்கும். அட்டையின் நிறமும் சதவீதத்தைப் பொறுத்து மாறும். அதாவது பஸ்ஸில் சலுகைக்காக நீட்டினால்கூட, கண்டக்டருக்குத் தேவையில்லாத ஒரு மருத்துவ விவரத்தையும் சேர்த்துத்தான் நீட்டுகிறீர்கள். ‘தகுதி உண்டு’ என்று ஒரு வரி போதும் என்ற இடத்திலும் முழுப்பேரும் வெளியே வருகிறது. அந்த அட்டையை வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு உள்ள பெரிய குறை அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தார்கள். அது உறுதி. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன, முக்கியமான கடமைகள் அதற்குப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்தை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் மானியம், சான்றிதழ் போன்றவற்றைக் கொடுப்பதற்கு அரசு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்றும் சொல்கிறது. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு உண்டு. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு இன்னும் பெரிய விலக்கு உண்டு. மருத்துவ விவரம் மற்றதைவிட ஒரு படி கூடுதலாகக் காக்கப்பட வேண்டியது என்று தனி வகையும் வைக்கவில்லை. செருப்புக்கடையில் கொடுக்கும் போன் நம்பரும் உங்கள் மகனின் நோய்க்கணிப்பும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய ஒரே சாமான். மனநலச் சட்டத்தில் ரகசியம் காக்கும் பிரிவு வலுவாக இருக்கிறது, ஆனால் அது மனநோயை வைத்து எழுதப்பட்டது. ஆட்டிசம் வளர்ச்சி சார்ந்தது, மனநோய் அல்ல. அதனால் அதை நம்பி உட்காரவேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டேன், ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் டெல்லிக் கணினியிலிருந்து கசிந்து ஒரு குடும்பம் அவதிப்பட்டதை நான் பார்த்ததில்லை. கசிந்தது எல்லாம் பக்கத்திலிருந்துதான். ஒரு தடவை கசியவிட்டது நானே. பதினான்கு வருடம் முன்பு ஓணத்துக்கு உடுப்பும் பையும் தருகிறோம் என்று ஒரு சங்கத்தார் வந்தார்கள். பிள்ளைகளின் பேர், வயது, அப்பா பேர், என்ன பிரச்சினை என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். நல்ல காரியம்தானே என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். விழா அன்று மேடைக்குப் பின்னால் பெரிய பிளெக்ஸ். பதினோரு பிள்ளைகளின் போட்டோ, கீழே பேர், அடைப்புக்குறிக்குள் ஊனத்தின் வகை. விழா முடிந்தும் மூன்று வாரம் அது முச்சந்தியில் தொங்கியது. அதில் ஒரு பெண்பிள்ளையின் அக்காவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்த வழியாகத்தான் பஸ் ஏறினார்கள். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தாலும் முறிந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு என்னிடம் பிள்ளையை அனுப்பவில்லை. அவர் செய்தது சரி. அவர் என்னை நம்பிச் சொன்னதை நான் யாரோ கேட்டதற்காக எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பேரை எடுத்துவிட்டால் போதுமா என்றால், நம்மைப் போன்ற ஊர்களில் போதாது. அமெரிக்காவில் 1990-களில் லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பேர் நீக்கிய ஆஸ்பத்திரி விவரத்திலிருந்து பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் எண் ஆகிய மூன்றை வைத்து ஒரு மாநில ஆளுநரின் மருத்துவக் கோப்பையே கண்டுபிடித்துக் காட்டினார். நமக்கு அந்த மூன்றும்கூட வேண்டாம். ‘தமிழ் மீடியம், இரண்டாம் வகுப்பு, பெண், ஆட்டிசம்: 1’ என்று ஒரு பஞ்சாயத்துப் புள்ளிவிவரத்தில் வந்தால் கொழிஞ்சாம்பாறையில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுப் பேரோடு சொல்லிவிடுவார். கேரளம் 2015-இல் நடத்திய மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பில் சுமார் 7.94 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். மாநில அளவில் அந்த எண் யாரையும் காட்டிக்கொடுக்காது. அதையே வார்டு வார்டாகப் பிரித்தால் நிலைமை வேறு. எண்ணிக்கை ஐந்துக்கோ பத்துக்கோ கீழே போனால் அதை வெளியிடாமல் மறைப்பது புள்ளியியலில் பழைய வழக்கம். நம் கீழ்நிலை அலுவலகங்களில் அந்தப் பழக்கம் வரவேண்டும்.

நம் எல்லைக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. படிவம் மலையாளத்தில் இருக்கும். நாம் வீட்டில் பேசுவது தமிழ். நாம் ஆட்டிசம் என்போம், அங்கே ஓட்டிசம். நாம் மாற்றுத்திறனாளி என்போம், அங்கே பின்னசேஷி. மலையாளம் பேசத் தெரிந்தாலும் வாசிக்கத் தெரியாத அம்மாக்கள் நம்மிடம் நிறையப் பேர். “சேச்சி, இவிட ஒப்பு இட்டோ” என்று விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அதைச் சம்மதம் என்று சட்டம் எழுதிக்கொள்ளும். என் கணக்கில் அது சம்மதம் இல்லை. கையெழுத்துக்கு முன்னால் மூன்று விஷயத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: என்ன விவரம் எடுக்கிறீர்கள், எதற்கு, வேறு யாருக்குக் கொடுப்பீர்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று பயப்படாதீர்கள், நான் பார்த்தவரை பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். யாரும் இதுவரை கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

சரி, பதியலாமா? உங்கள் பையன் இன்னும் முழு வாக்கியம் பேசவில்லை, பள்ளியில் கூட ஒருவர் இருக்கவேண்டும், நீங்கள் வேலைக்குப் போகமுடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பதியுங்கள் என்பதே என் எண்ணம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவுக்கும் உதவும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்கமாட்டார்கள். பிற்பாடு பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டும், சொல்வதை எழுத ஆள் வேண்டும் என்றால் இந்தச் சான்று வேண்டும். அரசு வேலையின் நான்கு சதவீத இடஒதுக்கீட்டில் ஆட்டிசமும் ஒரு பங்கில் வருகிறது. சின்ன வயதில் கொடுப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்று, பிறகு மறுமதிப்பீடு உண்டு. இதே கேள்வியை எந்தச் சலுகையும் தேவைப்படாத, லேசான அறிகுறியுள்ள பத்து வயதுப் பிள்ளையின் அம்மா கேட்டிருந்தால் ‘அவசரமில்லை, அவனே கொஞ்சம் வளர்ந்து சொல்லட்டும்’ என்று சொல்லியிருப்பேன். இறக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு: அட்டையை ஒப்படைக்கலாம். ஆனால் அட்டையை ஒப்படைப்பதும் பதிவை அழிப்பதும் ஒன்றல்ல. ஏறிய தடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே முடிவெடுங்கள். இருபது வருடம் கழித்து எந்த அரசு வரும், அது அந்தத் தடத்தை எப்படிப் பார்க்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. கொழுந்தனாரின் பயத்தில் நியாயமான பகுதி இதுதான்.

யூடிஐடி எடுக்காவிட்டால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். வரும் ஜூனில் பள்ளியில் சேர்ப்பீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் பள்ளி யூடைஸ் பிளஸ் என்ற தேசியக் கணக்கில் ஏற்றுகிறது, அதில் சிறப்புத் தேவை உள்ள குழந்தையா, என்ன வகை என்று ஒரு கட்டம் உண்டு. டீச்சர் நல்ல மனதோடு நிரப்பிவிடுவார், உங்களிடம் கேட்கவேண்டும் என்றே தோன்றாது. சேர்க்கும் அன்றே ‘அந்தக் கட்டத்தில் எதையும் என்னைக் கேட்காமல் போடவேண்டாம்’ என்று சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரியில் ஆபா என்ற பதினான்கு இலக்க சுகாதார எண் எடுக்கச் சொன்னால், அது கட்டாயம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடிபி கேட்டால் எதற்கு என்று கேட்ட பிறகு சொல்லுங்கள்.

காகித விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். சான்றிதழ் வேறு, மதிப்பீட்டு அறிக்கை வேறு. கோயம்புத்தூரில் கொடுத்த அந்த ஏழெட்டுப் பக்க அறிக்கையில் அவன் எப்போது பேசினான், எதற்கு அடம் பிடிப்பான், கழிவறைப் பழக்கம், உங்கள் கர்ப்பகால விவரம், குடும்பத்தில் வேறு யாருக்கு என்ன என்றெல்லாம் இருக்கும். சான்று கொடுக்கும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டும் தெரபிஸ்டும் தவிர வேறு யாருக்கும் அதன் நகல் தேவையில்லை. பள்ளி கேட்டாலும் சான்றிதழ் நகலைக் கொடுங்கள், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டியதை வாயால் சொல்லுங்கள். கொடுக்கும் நகலின் குறுக்கே ‘இன்ன காரியத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். ஆதாருக்கு முதல் எட்டு எண்ணை மறைத்த நகல் எடுக்கலாம், அது போதும் என்ற இடத்தில் அதையே கொடுங்கள். விண்ணப்பம் போட்டுத் தரும் கடையில் ஸ்கேன் செய்ததை உங்கள் கண்முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அந்தக் கடைகளின் டெஸ்க்டாப்பில் ஊர் மொத்தத்தின் கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் கார்டும் மருத்துவச் சான்றும் கலந்து கிடக்கும். அப்புறம் வாட்ஸ்அப். தெரபி குரூப்பில் அட்டையின் போட்டோவைப் போட்டு ‘எங்களுக்குக் கிடைத்துவிட்டது’ என்று சொல்லும் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. போடாதீர்கள்.

மெடிக்கல் போர்டு நாளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும். வராந்தாவில் பேரோடு சேர்த்து “ஓட்டிசம் கேஸ் ஆராணு?” என்று சத்தமாகக் கூப்பிடுவதும் நடக்கிறது. டோக்கன் கொடுக்கும்போதே ‘பேரை மட்டும் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள், செய்வார்கள். சத்தம் அவனுக்கு ஆகாது என்றால் கணவரை வரிசையில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே மரத்தடியில் அவனோடு இருங்கள், முறை வந்ததும் போன் அடிக்கட்டும். அறிக்கையின் அசலும் ஒரே ஒரு நகலும் எடுத்துப் போங்கள். தண்ணீரும், அவன் சாப்பிடும் அந்த ஒரே பிஸ்கட்டும் மறக்கவேண்டாம்.